ஈசானிய மூலை மீன்கள்

ஃபிளாட் வாங்கும்போது "வாஸ்துவாவது மண்ணாங்கட்டியாவது" என்று சிரித்த பிந்து, இப்போது அதே வாஸ்துவுக்காகப் புருஷனோடு மல்லுக்கு நின்றாள்.

"தொட்டி ஈசானிய மூலையிலதான் இருக்கணும். தண்ணி அங்க இருந்தாதான் வீட்டுக்கு நல்லது. அசைக்கக் கூடாது."

ரஞ்சனால் மறுத்துப் பேச முடியவில்லை. வாசல் சரியில்லை, சமையலறை சரியில்லை என்று நல்ல நல்ல ஃபிளாட்டையெல்லாம் தட்டிக்கழித்துவிட்டு, ஹப்சிகுடாவில் இதைப் பிடித்தவனே அவன்தான். ஹால் நடுவில் இருந்த மீன் தொட்டியை அவள் தானாகவே வடகிழக்கு மூலையில், கிழக்கு ஜன்னலோரம் நகர்த்தி வைத்தபோது, ஒருவழியாகப் பெண்டாட்டிக்குப் புத்தி வந்தது என்று மகிழ்ந்தவனும் அவன்தான்.

ஆனால் பாசிக்கு வாஸ்து தெரியவில்லை.

ஜன்னலோரம் போன கொஞ்ச நாளிலேயே கண்ணாடியில் பச்சை படர்ந்தது. அப்புறம் செடிகளிலும் முடி முடியாகத் தொங்கியது. ரஞ்சன் ஆபீஸ் இன்டர்நெட்டில் தேடி, கத்தையாகப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தான். பழுப்புப் பாசி என்றால் புதுத் தொட்டியில் வருவது, தானே போய்விடும். பச்சை என்றால் தீனி அதிகம், இல்லாவிட்டால் வெளிச்சம் அதிகம்.

தீனியைக் குறைத்தான். வாரா வாரம் தண்ணீரை மாற்றினான். பாசியைத் தின்னும் என்று கடைக்காரர் சொன்ன மீனை வாங்கி விட்டான். அது மற்ற மீன்களின் தீனியைத் தின்றுவிட்டு, கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு தூங்கியது. மிச்சம் இருந்தது ஜன்னல் வெளிச்சம்தான்.

திரையைப் போடலாம் என்றால் பிந்து விடமாட்டாள். அது அவனுக்கு இன்னொரு எரிச்சல். சந்துக்கு அந்தப் பக்கம் கை நீட்டினால் எட்டுகிற மாதிரி எதிர் அபார்ட்மென்ட். அங்கே ஜன்னலில் ஒரு பெண்ணின் முகம், எப்போது பார்த்தாலும் இவர்கள் வீட்டுப் பக்கமே திரும்பியிருக்கும்.

"அடுத்த வீட்டைப் பாக்கறதைத் தவிர அந்தப் பொம்பளைக்கு வேற வேலையே இல்ல போல" என்றான் ஒருநாள்.

பிந்து ஸ்பாஞ்சை எடுத்துக்கொண்டு தொட்டியைத் தேய்க்கப் போனாள். தினமும் தேய்த்தாள். அதுவும் ஜன்னல் பக்கத்துக் கண்ணாடியை மட்டும். ஹால் பக்கம் வயற்காடு மாதிரி இருந்தது. வருகிறவர்கள் பார்ப்பது இந்தப் பக்கம்தானே என்று கேட்டதற்கு, கிழக்குப் பக்கம் துலக்கமாக இருக்க வேண்டும் என்று அதற்கும் ஒரு வாஸ்து சொன்னாள். அப்படி ஒன்றை அவன் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

கடைசியில் அவனுக்குப் பொறுமை போய்விட்டது. தொட்டியையும் மீன்களையும் ஆபீஸ் நண்பன் சங்கருக்குக் கொடுத்துவிடுவதாகப் பேசி, ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லிவிட்டான். ஈசானிய மூலையில் ஒரு செம்புத் தண்ணீர் வைத்தால் போதும் என்று பரிகாரமும் கண்டுபிடித்திருந்தான்.

பிந்துவின் கண் கலங்கிவிட்டது. ஒரு மீன் தொட்டிக்கா இவ்வளவு என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஞாயிறு காலை. ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டு, தண்ணீரை இறைக்க உட்கார்ந்தான் ரஞ்சன். அழைப்பு மணி அடித்தது.

எதிர் அபார்ட்மென்ட் இம்தியாஸ் நின்றிருந்தார். வேலூர்ப் பக்கத்துக்காரர், ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை. தெருவில் பார்த்தால் தலையாட்டுவதோடு சரி.

"ஒண்ணுமில்ல சார். இன்னிக்கு உங்க ஜன்னல்ல திரை போட்டிருக்கு. மீனுக்கு ஏதாவது ஆயிடுச்சான்னு சபீனாவுக்கு ஒரே கவலை. கேட்டுட்டு வாங்கன்னு அனுப்பினா."

"யாரு சபீனா?" என்றான் ரஞ்சன்.

"என் வைஃப் சார். முதுகுல ஆபரேஷன் ஆகி, அசையாம படுத்திருக்கணும்னு சொல்லிட்டாங்க. நான் ஷிப்டுக்குப் போயிட்டா பகல் பூரா அவளுக்கு உங்க மீனுங்கதான் துணை. எங்க வீட்லயே வெச்சுக்கலாம்னா பாத்துக்க ஆள் இல்ல. அவ படற பாட்டைப் பாத்துட்டு உங்க வீட்டு அக்காதான் தொட்டியை ஜன்னல்கிட்ட நகர்த்தினாங்க. ஒவ்வொரு மீனுக்கும் பேர் வெச்சிருக்கா. மெள்ள நடக்க ஆரம்பிக்கலாம்னு நேத்து டாக்டர் சொன்னார். நடந்தா மொதல்ல இங்கதான் வரணுமாம்."

ரஞ்சனுக்கு வெட்கமாக இருந்தது. மீனுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டு, போய்த் திரையை விலக்கினான். எதிர் ஜன்னலில் அந்த முகம் சிரித்தது. அது தலையணையில் சாய்ந்திருக்கிற முகம் என்பதை அன்றுதான் கவனித்தான்.

"இதை எங்கிட்ட சொல்லியிருக்கலாமே பிந்து?"

"எதிர் வீட்டுக்காரிக்காகன்னு சொல்லியிருந்தா, நமக்கென்னன்னு அன்னிக்கே திரையை மூடியிருப்பீங்க. வாஸ்துன்னு சொன்னதாலதான் இவ்வளவு நாள் பொறுத்துக்கிட்டீங்க."



செல்போன் அடித்தது. சங்கர்தான். கிளம்பிவிட்டானாம், மீன்களைக் கொண்டுபோக எத்தனை வாளி வேண்டும் என்று கேட்டான்.

நடந்ததைச் சொல்ல வாயெடுத்தான் ரஞ்சன். சொன்னால், யாரோ படுத்திருக்கிறதுக்கு நீ என்ன பண்ணுவே என்று கேட்டுவிட்டு வாளியோடு வந்து நிற்பான் சங்கர். நேற்றுவரை தானும் அதைத்தான் கேட்டிருப்போம் என்று தோன்றியது.

"வராதடா" என்றான், பிந்துவின் கையிலிருந்து ஸ்பாஞ்சை வாங்கிக்கொண்டே. "வாஸ்துப்படி இந்தத் தொட்டியை ஜன்னலை விட்டு நகர்த்தவே கூடாதாம்."