அலுமாரிக்குள் ஒரு ஆராய்ச்சியாளர்

டூங்கபி புறநகர் வீட்டின் அழைப்புமணி அடித்தது.

"அலுமாரிக்குள்ள போங்கோ. ஆரும் கண்டால் என்ர மானம் போயிடும்," என்றாள் வசந்தினி.

கபிலன் சேலைகளுக்கு நடுவே ஒடுங்கினான். பல்கலைக்கழகத்தில் அவன் படிப்பிப்பதே இதைத்தான்: இடைக்காலச் சிரிப்புக் கதைகளில் பெட்டிக்குள் ஒளிந்த கள்ளக்காதலன் பிறகு ஆங்கில நாவலுக்குள் புகுந்த வரலாறு. உள்ளே இப்படி மூச்சுமுட்டும் என்று ஒரு பாவியும் எழுதிவைக்கவில்லை.

வந்தது கமலேஸ்வரி அன்ரி.

"ஞாயிறு மகளின்ர அரங்கேற்றம். அஞ்சு மணித்தியாலம்தான். உம்மட அவரும் வருவார்தானே?"

"அவர் மாநாட்டுக்கு மெல்பன் போயிட்டார், அன்ரி," என்றாள் வசந்தினி, அரங்கேற்றத்துக்கு அழைக்கும் எல்லோரிடமும் சொல்வதைப்போலவே.

"சரி, உம்மட பச்சைச் சீலையை இரவல் தாரும். நானே எடுக்கிறன்."

அலுமாரி திறந்தது.

அன்ரி நிதானமாகப் பார்த்தார். "தம்பி, மாநாடு பெண்சாதியின்ர அலுமாரிக்குள்ளயோ நடக்குது? மாநாட்டை முடிச்சிட்டு ஞாயிறு வாங்கோ. முன்வரிசையில கதிரை போடுறன்."