சத்தமில்லாத செருப்பு

டணாரென்று டம்ளர் விழுந்து உருண்டது. சவரிராஜின் வேட்டியெல்லாம் காபி.

"யாரது?" என்று அலறினார்.

"நான்தாங்க. கட்டின பொண்டாட்டியையே தெரியலையாக்கும்?" என்றாள் பிலோமினா.

பார்வை போனதிலிருந்து அவளுடைய செருப்புச் சத்தம்தான் அவருக்குத் துணை. அவருக்குக் கேட்கட்டும் என்றே வீட்டுக்குள்ளும் கெட்டியான செருப்பைப் போட்டு டக் டக்கென்று நடப்பாள். இன்று அந்தச் சத்தமே இல்லை.

"மூட்டு தேஞ்சிருக்காம். இனிமே மெத்துச் செருப்புதான் போடணும்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"அப்ப அதையே போடு" என்றார். ஆனால் அன்று முழுக்க அவருக்கு எதுவும் பிடிபடவில்லை. பக்கத்தில் நின்றவளைக் கத்திக் கூப்பிட்டார். ஆளில்லாத நாற்காலியிடம் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். வேறு யார் வீட்டிலோ வந்து உட்கார்ந்துவிட்டோமோ என்றுகூடத் தோன்றியது.

மறுநாள் காலை அடுப்படியிலிருந்து டக் டக்கென்று சத்தம் வந்தது. அவருக்கு உயிர் வந்தது. கூடவே, ஒவ்வோர் அடிக்கும் அவள் பல்லைக் கடித்து மூச்சு விடுவதும் கேட்டது. சந்தோஷப்படுவதா, திட்டுவதா என்று தெரியாமல் திகைத்தார்.

"பிலோமி, எந்தச் செருப்பைப் போட்டிருக்கே?"

சத்தம் சட்டென்று நின்றது.

"டாக்டர் சொன்னதைத்தாங்க."