என் பக்க நியாயம்

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்த மனைவியின் தோள்கள் குலுங்கின. அவளுக்குப் பின்னால் உலாத்திக்கொண்டே கதை சொல்லிக்கொண்டிருந்தவர் அதைப் பார்த்துவிட்டார்.

"அழாதே. சொல்ற எனக்கே தொண்டையை அடைக்குது, கேக்கிற உனக்கு அடைக்காதா?" என்றார் பெருமையாக.

அவள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நீங்க சொல்லுங்க. ஒரு வார்த்தைகூட விடாம அடிக்கிறேன்."

ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அடுத்தவர் தப்பைக் கண்டுபிடித்தே பழகிய கண்; சொந்தத் தப்பு என்று ஒன்று அதில் பட்டதே இல்லை. ஒரே மகள் கோபித்துக்கொண்டு பெட்டியோடு கிளம்பிப் போனவள்தான், அப்புறம் ஒரு போன்கூடக் கிடையாது. வெளியே சொல்ல மாட்டாரே தவிர, வாசல் கேட் சத்தம் கேட்டால் முதலில் எட்டிப் பார்ப்பவர் அவர்தான்.

நடந்ததையெல்லாம் 'நான், நான்' என்று தன் வாயாலேயே சொல்கிற கதையாக்கி, வாரப் பத்திரிகையில் போட்டுவிட வேண்டும். படித்தால் மகளுக்குப் புத்தி வரும், மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஓடி வருவாள். இதுதான் அவர் போட்ட திட்டம்.

"எங்க விட்டேன்?"

"'நான் யார் விஷயத்திலும் தலையிடாதவன்'ல."

"ஆங். 'நாடகக் குழுவில் சேர அவள் தேர்வுக்குப் போகவேண்டிய அன்று நான் ஒன்றுமே செய்யவில்லை. அவளை உள்ளே விட்டு, கதவை வெளியே பூட்டிக்கொண்டு காற்று வாங்கப் போனேன், அவ்வளவுதான். திரும்பி வந்தபின்பும் நான் குரலை உயர்த்தவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் பதறி ஓடி வந்தது அவருடைய சுபாவம்.' அடிச்சாச்சா?"

தோள்கள் மறுபடியும் குலுங்கின. "ஆச்சு."

"அவளோட நாடகப் புத்தகத்தையெல்லாம் பழைய பேப்பர் கடையில போட்டேனே... அது எதுக்கு, விட்டுடலாமா?"

"ஐயோ, அது கட்டாயம் வேணுங்க!" என்றாள் மனைவி அவசரமாக. "உங்க மனசு அதுலதானே தெரியுது?"

"அதுவும் சரிதான். 'அலமாரியில் அவளுக்கு இடம் தாராளமாக இருக்கட்டுமே என்று'ன்னு சேத்துக்கோ."

கதை அச்சாகி வந்தது. அன்றைக்குப் பூராவும் போனைக் கையை விட்டுக் கீழே வைக்கவில்லை மனிதர். சாயங்காலம் அது அடித்தது. மகள்தான்! ஸ்பீக்கரைப் போட்டு, 'பாத்தியா?' என்று மனைவியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

"அப்பா... கதையைப் படிச்சேன்." அவள் குரல் கம்மியிருந்தது.

"படிச்சியா? இப்பவாவது உண்மை என்னன்னு தெரிஞ்சுதா?"

"ஒண்ணு விடாம எழுதிட்டீங்களேப்பா! இப்படி எழுத எவ்வளவு பெரிய மனசு வேணும்!" விசும்பினாள். "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரட்டுமா?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் குரலைக் கேட்காமல் எத்தனை தவித்துவிட்டோம் என்று அப்போதுதான் தெரிந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்காமல், நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"தாராளமா வாம்மா. ஆனா ஒரு வார்த்தை உன் வாய் வரைக்கும் வந்து நிக்குது. அதைச் சொல்லிட்டா உனக்கும் பாரம் குறையும். கூச்சப்படாம சொல்லு."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"உங்களை மன்னிச்சுட்டேன்பா."