பின்வரிசை ஆறு பேர்

"இந்தப் பழைய படத்துல பின்வரிசையை வெட்டிடும்மா. சுவத்துல அவ்வளவு இடம் இல்ல" என்றார் போர் அருங்காட்சியகத்தின் இயக்குநர், டீயை உறிஞ்சியபடி.

கணினியில் படங்களைச் சீர்செய்யும் பெண் திரும்பினாள். "அவங்களும் சண்டையில நின்னவங்கதானே சார்?"

"அது சிறுபான்மைப் பட்டாளம்மா. பேரைக்கூட யாரும் எழுதி வைக்கல. முன்னாடி உக்காந்திருக்கிற ஆறு அதிகாரிங்க போதும். நடுவுல மிடுக்கா இருக்கறது யாரு தெரியுமா? எங்க தாத்தா! கல்யாணத்துக்கு முன்னாடி எடுத்தது."

அவள் மனசில்லாமல் வெட்டினாள். ஆறு நாற்காலிகள் மிஞ்சின. ஆறும் காலி.

கணினிக்குத்தான் ஏதோ கோளாறு என்று அசல் படத்தைத் தேடி எடுத்தாள். அதன் முதுகில் மங்கிய மையில் எழுதியிருந்தது: "குண்டடிபட்டுக் கிடந்த எங்கள் ஆறு பேரையும் எதிரி எல்லையிலிருந்து தோளில் சுமந்து வந்தவர்கள், பின்னால் நிற்கும் இந்த ஆறு பேர்."

"சார், இதைப் பாருங்களேன்..."

திரும்பினாள். அறையில் யாரும் இல்லை. டீ வாசனைகூட இல்லை. எதிர் அறைக் கதவில் அவர் பெயர்ப்பலகை இருந்த இடத்தில் ஓர் ஆணித் தடம்கூட இல்லை.

அவள் தட்டுத்தடுமாறிப் பின்வரிசையை மறுபடி படத்தில் சேர்த்தாள்.

முதுகுக்குப் பின்னால் டீ உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"என்னம்மா, வெட்டிட்டியா?"

"இல்ல சார். பெரிய சுவரா பாத்துக்கலாம்."

"அது எதுக்கு?"

அவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"நீங்க இருக்க வேண்டாமா சார்?"