மேகம் எட்டிப் பார்த்தாலே மருந்து

மலைச்சரிவில் ஓர் உருளைக்கிழங்குச் செடி, கிழங்குப் பிள்ளைகளை மண்ணுக்குள் பொத்தி வைத்துக்கொண்டு, வானத்தையே பார்த்தபடி நின்றது. ஒரு துண்டு மேகம் எட்டிப் பார்த்தால் போதும், வரப்பில் நின்ற மருந்துத் தெளிப்பானைக் கூப்பிட்டுவிடும்.

“தெளிப்பான் அண்ணே! பனி இறங்கினா கருகல் நோய் வந்துடும். கொஞ்சம் மருந்து அடிங்களேன்.”

“நேத்துதானே தாயி அடிச்சேன்? இலை காஞ்சு கிடக்கு. ஈரம் நின்னா நானே வரேன்.”

“உங்களுக்கென்ன, பிள்ளையா குட்டியா? அடிங்க!”

தெளிப்பான் முனகிக்கொண்டே அடித்தது. மேகம் சும்மாவே கலைந்து போகும். அடுத்த மேகத்துக்கும் அதே கெஞ்சல்தான்.

ஒருநாள் நிஜமாகவே பனி இறங்கி நின்றது. விடிந்தபோது அடியிலையில் ஒரு கறுப்புப் புள்ளி. தெளிப்பான் பதறி மருந்தைக் கொட்டியது. புள்ளி நாக்கைச் சப்புக்கொட்டியது.

“பழகின ருசிதான் அக்கா. நீங்க ஓயாம அடிச்ச மருந்துல எங்க வீட்டுல தப்பிச்சவங்க எல்லாம் இதைக் குடிச்சுதான் வளர்ந்தோம்.”

மாலைக்குள் அது தண்டைப் பிடித்தது. அடுத்தது மண், மண்ணுக்குள் பிள்ளைகள். கீழிருந்து சின்னக் கிழங்கு, “மேல என்னம்மா சத்தம்?” என்றது.

“ஒண்ணுமில்ல கண்ணு, தூங்கு” என்ற செடி, குரலைத் தாழ்த்திக்கொண்டது.

“அண்ணே, மருந்து வேண்டாம். அரிவாளைக் கூப்பிடுங்க. இது கீழே இறங்குறதுக்குள்ள, என்னை மண்ணோட ஒட்டி வெட்டி, தூரக் கொண்டுபோய்ப் போடச் சொல்லுங்க.”