போகாத மெசேஜ்

"முதல் ஆளுக்கு மட்டும் மெசேஜே போகல சார்!"

உஷாராணி பதறிப்போய்ச் சொன்னாள்.

கிள்ளான் டயாலிசிஸ் மையத்து நோயாளிகளை அழைத்துப்போக வேன் எத்தனை மணிக்கு வரும் என்று, பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்திலிருந்து மெசேஜ் அனுப்பும் கம்ப்யூட்டர் ஸ்கிரிப்ட் அவள் எழுதியது. நம்பரும் பெயரும் உள்ள டெக்ஸ்ட் ஃபைலை வரி வரியாகப் படித்து அனுப்பும்.

ஃபைலைத் திறந்தால் எல்லாம் சுத்தமாகத்தான் இருந்தது. ஸ்கிரிப்ட் படித்ததை அப்படியே திரையில் காட்டச் சொன்னாள். முதல் நம்பருக்கு முன்னால் ï»¿ என்று ஒரு கிறுக்கல்.

"சேவ் பண்ணும்போது கம்ப்யூட்டரே வைக்கிற குறி சார். நம்ம கண்ணுக்குத் தெரியாது. ஸ்கிரிப்ட் அதையும் நம்பரோட சேர்த்துப் படிச்சிருக்கு."

ஸ்கிரிப்டில் ஒரே ஒரு சொல்லை மாற்றி, மறுபடி ஓட விட்டாள். மெசேஜ் போய்விட்டது.

"யாரு அந்த முதல் ஆளு?" என்றார் மேனேஜர் சுகுமாறன்.

"அமீனா பீவி. தனியா இருக்காங்க. வேனை விட்டா உயிருக்கே ஆபத்து சார்."

"எல்லாருக்கும் மெசேஜ் கிடைச்சிருச்சுன்னுதானே டிரைவர் ஜெயராஜ் சொல்லிட்டிருந்தான்? கேளு அவன. பொய் சொல்றவன் நமக்கு வேணாம்லா."

உஷாராணி வெளியே வந்து போனைப் போட்டாள்.

"அண்ணே, அமீனா ஆன்டிக்கு மெசேஜ் போகலன்னு உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்மா."

"தெரிஞ்சும் சொல்லலயா? அவங்க ஒரு நாள் வேனைத் தவற விட்டிருந்தா?"

"விடமாட்டாங்கம்மா. ஒவ்வொரு தடவையும் நானே போன் பண்ணிச் சொல்லிருவேன்."

"உங்களுக்கு எதுக்குண்ணே அந்த வேலை? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே சரி பண்ணியிருப்பேன்லா. இப்பப் பண்ணிட்டேன். மெசேஜ் போயிருச்சு."

"போயிருச்சா…" ஜெயராஜின் குரல் இறங்கியது. "அவங்களுக்குப் படிக்கத் தெரியாதும்மா. வெளிய சொல்ல வெக்கப்படுவாங்க. இத்தனை நாளா 'ஆபீஸ் கம்ப்யூட்டர்ல கோளாறுக்கா'ன்னு சொல்லிக் கூப்பிட்டுட்டிருந்தேன். இனிமே என்ன சொல்லிக் கூப்பிடுறது?"