பக்கத்து சீட்டின் பெல்ட்

என் வெள்ளைத் தாடி மேல் சத்தியம், இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. போன வெள்ளிக்கிழமை அடையாறில் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று புக் செய்யப் போனேன். விற்பனைப் பெண் ஜெனிதா கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். மாம்பழ மஞ்சள் நிறம், சீட்டுக்குச் சிவப்புத் தையல்.

"பக்கத்து சீட்டைக் கொஞ்சம் உயர்த்தணும்மா. என் வீட்டுக்காரி குள்ளம்."

வீட்டுக்காரி அஃப்சருன்னிசா இறந்து பதினோரு வருடம் ஆகிறது.

ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். காரில் மொத்தமே இரண்டு சீட். கூட வரவேண்டிய ஜெனிதா பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"சாரி மேடம், நீங்க இருக்கறதப் பாக்கல" என்று கதவைச் சாத்திவிட்டுக் கடை வாசலிலேயே நின்றுகொண்டாள்.

சீட் காலியாகத்தான் இருந்தது. பெல்ட் மட்டும் மாட்டியிருந்தது. பிரேக் போட்டபோதெல்லாம் அது ஓர் ஆளைத் தாங்குவதுபோல் இறுகியது. பேசினால் போய்விடுவாளோ என்று வாயே திறக்கவில்லை.

நொச்சிக்குப்பத்தில் மீன்காரி ஒருத்தி எட்டிப் பார்த்தாள்.

"இன்னா பாய், அம்மா அழுதுகினு கீது, நீ பாட்டுக்கு ஓட்டிக்கினு போற?"

கடைக்குத் திரும்பி வண்டியை நிறுத்தியதும் பெல்ட் தானாகக் கழன்றது.

"இன்னொரு ரவுண்டு குடும்மா" என்று கெஞ்சினேன்.

"ஆளுக்கு ஒரு ரவுண்டுதான் அங்கிள்."

நாற்பது வருடமாக நான் குடியிருக்கும் திருவல்லிக்கேணி மேன்ஷனில், கல்யாணமே ஆகாதவர்களுக்கு மட்டும்தான் அறை தருவார்கள்.